தண்ணிப் பொந்து

சேர்மன் இன்னும் வரவில்லை. அவர் வராவிட்டால் என்ன, வெயில் வந்துவிட்டது. ஊரெல்லாம் பந்தல் நிழலில் உட்கார்ந்திருக்க, தன்னை மட்டும் சுவரோரம் வெட்டவெளியில் ஒரு சுண்ணக்கட்டிக் கோட்டின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று மாடக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டைப் போட்டவன் போட்டோக்காரன். "தாத்தா, இதத் தாண்டி நகந்துராதீங்க, மூஞ்சில நெழல் விழுந்துரும்" என்று சொல்லிவிட்டு அவன் பந்தலுக்குள் போய்க் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டான். நகரக் கூடாதாம். இந்த இடத்தில் நகராமல் நிற்பது எப்படி என்று மாடக்கண்ணுவுக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலுக்குக் கீழே இருப்பது அதே கல். தண்ணீர் விழுந்து விழுந்து நடுவில் குழிந்துபோன கல். அதையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். முன்னால் பழைய ஜமீன் பள்ளிக்கூடத்துச் சுவர், சுவரில் அந்தப் பொந்து. அந்தக் காலத்தில் தலைக்கு மேலே இருந்தது, இப்போது நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. அவர் வளர்ந்துவிட்டார், அது அங்கேயே இருக்கிறது. அதற்குப் புதிதாகத் தேக்கில் ஒரு சின்னக் கதவு, கதவின் மேல் சிவப்பு ரிப்பன், பக்கத்தில் கருங்கல் பலகையில் வெட்டின எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு அவருக்கு. பஸ் போர்டு வாசிப்பார், சுவரொட்டியில் செத்தவர் பெயர் வாசிப்பார். இதை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டியிருந்தது. தா, க, ம். தாகம். தீர்த்த. அடுத்த சொல் புரியவில்லை. சாளரம் என்றால் என்ன என்று காலையில் மகனிடம் கேட்டார். "ஜன்னல்தாம்ப்பா, நல்ல தமிழ்ல போட்டுருக்காவ" என்றான் ஜெயராஜ். தாகம் தீர்த்த ஜன்னல். எவன் தாகத்தை எவன் தீர்த்தான். தெற்குத் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் தண்ணிப் பொந்து. ஒரு பொந்தைப் பொந்து என்று சொல்லக்கூட இவர்களுக்கு வாய் வரவில்லை.

நன்றாக அடைத்துக் கிடந்ததுதானே இது. அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் ஏறியது. எந்தக் காலத்திலோ வந்த யாரோ ஒரு ஹெட்மாஸ்டர், பெயர்கூடத் தெரியாது, நல்ல மனுஷனாக இருக்க வேண்டும், செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டுப் போயிருந்தார். காரைச் சுவரில் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் தழும்பு மாதிரித் தெரியும். ரைஸ்மில்லுக்கு மூட்டை தூக்கப் போகிற நாட்களில் ஜமீன் பள்ளிக்கூடத்துத் தெருவில் கால் வைக்க மாட்டார் மாடக்கண்ணு. குளத்துக்கரையைச் சுற்றித்தான் போவார். தப்பித்தவறி அந்த வழியாகப் போக நேர்ந்தால் அந்தச் சாம்பல் தழும்பை ஒரு பார்வை பார்ப்பார். அடைத்துத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. தேர்தல் வந்தால் இங்கேதான் ஓட்டுச் சாவடி. கட்சிக்காரர்கள் ஆட்டோ கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "பெரிசு, ஏறும்வே, ஒரு குத்து குத்திட்டு வந்துரலாம்" என்று கெஞ்சினாலும் போனதில்லை. மாடக்கண்ணுவுக்கு ஓட்டுப் போடுவதற்குச் சோம்பல் என்று ஊர் சொல்லிற்று. சொல்லட்டும். அப்புறம் பைபாஸ் பக்கம் புதுப் பள்ளிக்கூடம் வந்தது, சாவடியும் அங்கே போனது, அன்றைக்கு முதல் ஆளாகப் போய் மை வைத்துக்கொண்டார். இது பூட்டிக் கிடந்தது. ஓட்டுச்சாய்ப்பில் அரசங்கன்று முளைத்தது, மச்சில் வௌவால் அடைந்தது, ஒரு மழைக்கு மேற்குப் பக்கம் சரிந்தது. விழட்டும் என்று காத்திருந்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும் கூரையில் மழை இரையும்போது படுத்துக்கொண்டே காது கொடுப்பார், அந்தப் பக்கமிருந்து இடிகிற சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. ஜமீன் கட்டின கட்டடம், லேசில் விழுமா. அது விழுவதற்குள் கமிட்டி வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பையன்கள் பணம் அனுப்பினார்கள், கோயம்புத்தூரிலிருந்து கட்டடத்துக்குப் படித்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள், சமுதாயக் கூடமாக ஆக்கப் போகிறோம், சின்னக் கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைகளுக்கு நூலகம், கண் பரிசோதனை முகாம், எல்லாத் தெருவுக்கும் பொது என்று மைக் கட்டிச் சொன்னார்கள். எல்லாத் தெருவுக்கும் பொது. அந்தப் பெண் பழைய பெயிண்டையெல்லாம் சுரண்டச் சொன்னாள். மேலே பச்சை, பச்சைக்கடியில் ரோஸ், ரோசுக்கடியில் நீலம், நீலத்துக்கடியில் முட்டை வெள்ளைக்கருவில் இழைத்த பழைய சுண்ணாம்பு. சுரண்டிக்கொண்டே வந்தவர்கள் சிமெண்டுத் தழும்பைப் பார்த்துவிட்டார்கள். தட்டிப் பார்த்திருக்கிறார்கள், பொக்கென்று கேட்டிருக்கிறது. உளியை வைத்து எடுத்துவிட்டார்கள். புதையல் கிடைத்த மாதிரி அந்தப் பெண் கை தட்டினாளாம்.

அவள் மேல் கோபமில்லை. அவளுக்கு என்ன தெரியும், ஜன்னல் என்று நினைத்திருப்பாள். சொன்னவன் ஒருவன் இருக்கிறானே. குத்தாலிங்கம். கமிட்டித் தலைவர். இந்தப் பொந்துக்கு உள்பக்கம் இப்போது பட்டு வேட்டியோடு பானகச் செம்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவன். அவன் அந்தப் பெண்ணின் போனுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான், அதை ஊரே பார்த்திருக்கிறது, ஜெயராஜ்கூடக் கொண்டுவந்து காட்டினான். "நான் அப்பம் அஞ்சாங் கிளாசு. தெக்குத் தெருப் பிள்ளைய தாகத்தோட வந்து நிக்கும். பாவமா இருக்கும். மத்தவனெல்லாம் வெளையாடப் போயிருவான், நான் வெளையாட்ட விட்டுட்டு இந்த எடத்துல நின்னு தண்ணி ஊத்துவேன். அதுல ஒரு சந்தோசம்." சொல்லும்போது அவன் கண் கலங்கிற்று. நடிப்பில்லை. அதுதான் மாடக்கண்ணுவைத் தூங்கவிடாமல் அடித்தது. நடித்திருந்தால் போடா என்று விட்டுவிடலாம். நிஜமாகவே கலங்கிற்று. அவனுக்கு அது தர்மமாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை காலமும் தான் இங்கே ஒரு பகையைச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருக்க, அவன் அங்கே ஒரு புண்ணியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறான். ஊர்க்கூட்டத்தில் மாடக்கண்ணு எழுந்து சொல்லத்தான் செய்தார். அந்த ஓட்டை வேண்டாம், அடைத்துவிடலாம், அவ்வளவுதான் சொன்னார். "ஏன்டே மாடக்கண்ணு, நீயும் நானும் நின்ன எடம்லாடே அது" என்றான் குத்தாலிங்கம், சிரித்துக்கொண்டே. கூட்டமும் சிரித்தது. நீயும் நானும் நின்ற இடம். நடுவில் ஒரு சுவர் இருந்ததை எங்கே விட்டான். அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ராத்திரியெல்லாம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவனை எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது. அதுதான் சிக்கல். அவன் இவரை 'டே' போட்டுக் கூப்பிடுவான், 'ஏடே' என்பான், இவர் அவனை என்னவென்று கூப்பிடுவது. அவருடைய அப்பா அவன் அப்பாவை முதலாளி என்று கூப்பிட்டார். மாடக்கண்ணு அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டேன் என்று வாலிபத்திலேயே சத்தியம் பண்ணிக்கொண்டார். அண்ணாச்சி என்று சொல்ல நாக்கு புரளவில்லை. பெயரைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் வாழ்நாள் முழுக்க அவனிடம் மொட்டையாகவே பேசியிருக்கிறார். மழை வரும்போல இருக்கு. மில்லுல லோடு வந்திருக்கு. கூப்பிடாமல் பேசுவதற்கே தனியாக ஒரு பாஷை பழகியிருந்தார். கோபத்தை அந்தப் பாஷையில் சொல்ல முடியவில்லை.

பிடரியில் வெயில் சுட்டது. பந்தலிலிருந்து மைக்கில் ஊதுகிற சத்தம். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். ஜெயராஜின் குரல். பந்தல், நாற்காலி, பாத்திரம், மைக் செட் எல்லாம் அவன் கடையிலிருந்துதான். இந்தக் கூடத்தில் இனி நடக்கிற விசேஷத்துக்கெல்லாம் அவன் கடைச் சாமான்தான் என்று கமிட்டியில் வாய்ப்பேச்சாக முடிவாகியிருக்கிறது. குத்தாலிங்கம் தலையாட்டினால் நிலைக்கும், ஆட்டாவிட்டால் டவுனிலிருந்து வேறு ஆள் வருவான். கடனை வாங்கி நாற்காலிக்கெல்லாம் உறை தைத்து வைத்திருக்கிறான் பையன். அதுதான் காலையில் வந்து சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிவிட்டான், சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி. "எப்பா, ரெண்டு நிமிசம். தலைவரு உள்ள இருந்து ஊத்துவாவ, நீங்க வெளிய இருந்து கையக் குவிச்சுக் குடிச்சிருங்க. பழைய ஞாவகமாம். ஒங்க தெருவுல அந்தக் காலத்துல படிச்ச ஆள் யாரு இருக்கான்னு கேட்டாவ. எங்க அப்பாதாம்னு சொன்னேன்." சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை. எங்கள் அப்பா படித்தார். ஒரு டம்ளரில் குடித்தால் ஆகாதா என்று கேட்டார். "டம்ளர்ல குடிச்சா போட்டோவுல என்னப்பா இருக்கு." பானை விஷயத்தை அவனிடம் சொன்னதில்லை. அவன் புதுப் பள்ளிக்கூடத்தில் குழாயில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்தவன். சொன்னால் ஐயோ பாவம் என்று பார்ப்பான். அந்தப் பார்வையை மகனிடமிருந்து வாங்க மாடக்கண்ணுவால் ஆகாது. இப்போது நிற்கிறாரே, இந்த நிற்பு மட்டும் பார்க்க நன்றாக இருக்கிறதா. பந்தல் ஓரத்தில் கறிக்கடை சுந்தரம் உட்கார்ந்துகொண்டு, "என்னவே, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா நிக்கியரு" என்று கத்துகிறான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் தெற்குத் தெருதான். வயதில் சின்னவன், அவன் தலையெடுக்கும்போது பொந்தை அடைத்துவிட்டார்கள். அவனுக்கு இது பொந்தே இல்லை. தாகம் தீர்த்த சாளரம்.

பானகத்தின் வாசனை கதவு இடுக்கு வழியாக வந்தது. சுக்கும் ஏலக்காயும். அந்தக் காலத்தில் வெறும் தண்ணீர்தான். மண்பானைத் தண்ணீர். அதில் வெட்டிவேர் கிடக்கும். அதன் ருசி இன்னும் நாக்கில் இருப்பதை நினைத்தால் தன் நாக்கின் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. எவ்வளவு குளிர்ச்சி. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குவித்து நிற்க வேண்டும். பாதி வாய்க்கு வரும், பாதி முழங்கை வழியாக ஓடி அக்குளுக்குள் போகும், சட்டை நனையும், நனைந்த சட்டையோடு தாழ்வாரத்து மூலையில் போய் உட்கார்ந்தால் ஆவுடையப்பன் வாத்தியார் மூக்கைச் சுளிப்பார். பொந்துக்குள்ளே ஊற்றுகிறவன் முகம் தெரியாது. ஒரு கை வரும், செம்பு வரும், மணிக்கட்டில் வெள்ளிக்காப்பு. காப்பைப் பார்த்துத்தான் குத்தாலிங்கம் என்று தெரியும். சில நாள் வயிறு முட்ட ஊற்றுவான். சில நாள் கொஞ்சம் ஊற்றிவிட்டு நிறுத்துவான், கை அப்படியே காத்திருக்கும், உள்ளே சிரிப்புக் கேட்கும், அப்புறம் திடீரென்று மூஞ்சியில் ஊற்றுவான். விளையாட்டை விட்டுவிட்டு வந்து ஊற்றினானாம். அந்த நாள் மட்டும் அவன் வரவில்லையே. அன்றைக்குக் கோலிக்குண்டு விளையாட்டு, மைதானத்தில் அவன் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. மணி அடிக்கப் போகிறது. தொண்டை ஒட்டிப் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். மாடக்கண்ணு மட்டும் இந்தக் கல்லில் ஏறி, குதிகாலைத் தூக்கிப் பொந்துக்குள் கையை விட்டார். செம்பு எங்கே இருக்கிறது என்று தடவியதில், பொந்தை ஒட்டி உள்திண்டில் இருந்த பானையின் விளிம்பு விரலில் பட்டது. ஈரமாக, சொரசொரவென்று, சில்லென்று. அந்தச் சில்லிப்பு. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல், மைதானத்திலிருந்து அப்போதுதான் ஓடிவந்த குத்தாலிங்கத்தின் குரல். "வாத்தியாரய்யா, மாடக்கண்ணு பானையத் தொட்டுட்டான்." பயந்த குரலா, குஷியான குரலா என்று எத்தனையோ தடவை காதுக்குள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டார், தீர்மானம் ஆகவில்லை. வாத்தியார் அவனையே உடைக்கச் சொன்னார். பானை உடைகிற சத்தம் கேட்டது. அடி அப்புறம்தான் விழுந்தது, அடி பெரிதில்லை, அடி மறந்துபோனது. மறக்காதது தண்ணீர். ஒரு பானைத் தண்ணீரும் பொந்து வழியாக வழிந்து, சுவரில் இறங்கி, இந்தக் கல்லில் விழுந்து, அவர் கால்விரல் இடுக்கெல்லாம் நனைத்து மண்ணில் போனது. வெட்டிவேர் ஒன்று காலில் வந்து ஒட்டிற்று. நாக்கு வறண்டு நின்றவன் காலில் ஒரு பானைத் தண்ணீர். மறுநாள் அப்பா புதுப் பானை வாங்கிக்கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நேரே ரைஸ்மில்லுக்குக் கூட்டிப் போய்த் தவிடு அள்ள விட்டுவிட்டார். அவ்வளவுதான் படிப்பு. எங்கள் அப்பா படித்தார்.

வெடிச் சத்தம் கேட்டது. சேர்மன் வந்துவிட்டார். பந்தல் எழுந்தது, எல்லாரும் சுவர்ப்பக்கம் வந்து அரைவட்டமாக நின்றார்கள். போட்டோக்காரன் ஓடிவந்து கோட்டைப் பார்த்தான், மாடக்கண்ணுவின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினான், மூட்டையைத் திருப்புகிற மாதிரி. கோயம்புத்தூர்ப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, கதவு திறந்ததும் அப்ப எப்படி நின்னீங்களோ அப்படியே கையை நீட்டுங்க, நேச்சுரலா இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. கோபமெல்லாம் வடிந்து பயம் வந்தது. கை தானாக எழுந்துவிடுமோ. நெல் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைதான், யார் சொன்னாலும் மடங்காத கைதான், ஆனால் இந்தக் கல்லில் நிற்கும்போது அது யாருடைய கை. விரல்கள் ஏற்கனவே உள்பக்கமாக வளைந்திருந்தன. அவர் வளைக்கவில்லை. கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தேடுகின்றன. வேட்டி ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டார். ஜெயராஜ் கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்து நின்றுகொண்டு கண்ணாலேயே கெஞ்சினான். ரெண்டு நிமிஷம்தான். பையனுக்காக. உறை தைத்த நாற்காலிகளுக்காக. அவன் கேட்டதே இல்லை, இதுவரை எதுவும் கேட்டதில்லை. சேர்மன் கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை வெட்டினார். கை தட்டினார்கள். தேக்குக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. ஒரு கை வந்தது. காப்பு இருந்த இடத்தில் தங்கக் கடிகாரம். பித்தளைச் செம்பு வெயிலில் மின்னிற்று. "ஏடே மாடக்கண்ணு, பிடிடே" என்றான் உள்ளே இருந்தவன், சந்தோஷமாக. செம்பு சாய்ந்தது. மாடக்கண்ணு வேட்டியை விடவில்லை. பானகம் நேராகக் கல்லில் விழுந்து தெறித்தது. கால்விரல் இடுக்கில் பிசுபிசுவென்று இறங்கிற்று. அதே இடம், அதே ஈரம். "தாத்தா, கை, கைய நீட்டுங்க" என்றான் போட்டோக்காரன். "எப்பா" என்றான் ஜெயராஜ், மெதுவாக. மாடக்கண்ணு கோட்டைத் தாண்டினார்.

கோட்டைத் தாண்டிச் சுவரோரமாகவே நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது, பெரியவருக்கு மயக்கம் போல என்று யாரோ சொன்னார்கள். முன்வாசல். இந்தப் படியில் அவர் கால் பட்டதில்லை, தெற்குத் தெருப் பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில்தான் வழி. ஈரப் பாதம் புதுச் சுண்ணாம்புத் தரையில் அச்சு அச்சாக விழுந்தது. நடுக்கூடத்துத் தூண்களையும், பர்மாத் தேக்கு உத்தரத்தையும் அவர் பார்க்கவில்லை. மூலையில் அந்த இடம். குத்தாலிங்கம் செம்போடு திகைத்து நின்றிருந்தான். கிழவனாகிவிட்டான் அவனும், கழுத்தில் தோல் தொங்கிற்று. "என்னடே, உள்ள வந்துட்ட" என்றான். மாடக்கண்ணு அவன் கையிலிருந்த செம்பை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார், அவனும் கொடுத்துவிட்டான். பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. முதன்முதலாக வந்தது. "குத்தாலிங்கம். நீ வெளிய போய் நில்லு. நான் ஊத்துதேன்." கூடம் முழுக்க அது கேட்டது. குத்தாலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னாலேயே வந்த கோயம்புத்தூர்ப் பெண், "இது இன்னும் நல்லா இருக்கு சார், நீங்க வெளிய, அவங்க உள்ள, சூப்பர்" என்றாள். அவளோடு உள்ளே வந்த சேர்மனும், "போங்க அண்ணாச்சி, போங்க" என்று தோளில் தட்டினார். ஊர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவன் போகிற வரையில் மாடக்கண்ணு பானக அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். செம்பை அமுக்கி மொண்டார். நிறைந்து வழிந்தது. பொந்து இங்கிருந்து தொடை உயரத்துக்கு இருந்தது. வெளியே பளீரென்று வெயில். அந்த வெளிச்சத்துக்குள் இரண்டு கைகள் வந்து குவிந்தன. கைகள் மட்டும். முகம் தெரியவில்லை. குனிந்தும் பார்த்தார், தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் இல்லை. ஓகோ, அப்படியா என்று இருந்தது அவருக்கு. இப்படித்தான் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. கோபம் குறையுமென்று ஒரு கணம் காத்திருந்தார், குறையவில்லை. முகம் தெரியாவிட்டால் என்ன, பேர் தெரிந்திருந்ததே, அன்றைக்குப் பேரைச் சொல்லித்தானே கத்தினான். கைகள் நரம்போடி, மோதிரத்தோடு, வெயிலில் காத்திருந்தன. கொஞ்சம் தாழ்ந்தன. மறுபடி எழுந்து குவிந்தன. "ஏடே, ஊத்துடே, கை வலிக்கி" என்றது குரல். யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. "எப்பா, ஊத்துங்கப்பா" என்றான் ஜெயராஜ். அவன் குரலில் இப்போது வேறு என்னவோ இருந்தது, புரிந்துகொண்டவன் குரல் மாதிரி. மாடக்கண்ணு செம்பைப் பொந்து வரைக்கும் கொண்டுபோனார். சாய்க்கவில்லை. செம்பின் அடியிலிருந்து ஒரு சொட்டு அந்தக் கையில் விழுந்தது. அடுத்ததை வாங்க அது இன்னும் கொஞ்சம் குழிந்து கொடுத்தது. நிற்கட்டும் என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்.